ஆனாலுக்கு முன்னால்

கோத்தகிரி கடைவீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி
எங்கள் அச்சகம்.
டிசம்பர் பாதியில் கல்யாணப் பத்திரிகை நின்றுவிடும்,
வாக்குத்தத்த அட்டை வந்துவிடும்.
ஒரு தாளுக்குப் பதினாறு ஆசீர்வாதம்.
நான் வெட்டுகிறவன்.

பாஸ்டர் கிளாட்வின் பென் டிரைவோடு படியேறி வந்தார்.
பின்னணிப் படம் அவரே தேடி எடுத்தது:
நீல ஏரி, பனிச்சிகரம், ஓர் அன்னம்.
"நம்ம ஊர்லயே மலை இருக்கே ஐயா."
"இது பளிச்சுனு இருக்கு தம்பி."
உண்மைதான்.
அந்த மலை எந்த நவம்பரிலும் சரிந்ததில்லை.

வசனப் பட்டியலில் சிவப்பு மை.
உயர்வு, இருக்கட்டும். இரட்டிப்பு, இருக்கட்டும்.
சாம்பல், வேண்டாம்.
சிலுவையைச் சுமந்துகொண்டு பின்னால் வரச் சொன்னது,
"புது வருஷமும் அதுவுமா எதுக்கு?"
நன்றாகப் போய்க்கொண்டிருந்த வசனம் ஒன்று
நடுவில் 'ஆனால்' என்று திரும்பியது.
"ஆனாலுக்கு முன்னாடி நிறுத்திடுங்க."
நிறுத்தினேன்.
எங்கள் கத்தி நல்ல கத்தி.
ஓரமெல்லாம் கூடையில் விழும்,
சனிக்கிழமை பழைய பேப்பர்க்காரருக்குப் போகும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசும்.
கட்டபெட்டுக்குக் கீழே மண் இறங்கிய இரவில்
ரப்பர் பூட்ஸோடு முதலில் போய் நின்றவர் அவர்.
விடியும்வரை மண்வெட்டி.
தோண்டி எடுத்த பையனின் முகத்தைத்
தன் துண்டால் துடைத்ததும் அவர்தான்.
அதே கைதான் அடுத்த ஞாயிறு மைக் பிடித்தது.
திரையில் வெள்ளை மேகம் ஓடியது.
"ஆண்டவர் போன்ல வால்பேப்பர் யாரு தெரியுமா?
நீங்கதான்!"
கைதட்டினோம். நானும்.
நன்றாகத்தான் இருந்தது,
குளிருக்கு வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்த மாதிரி.
வெளியே வந்தால் நிஜ மேகம்.
எதிரே நின்ற பஸ்ஸைக் காணோம்.

கடைசித் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
குறும்பா கோபமா, இன்றுவரை தெரியாது,
ஒரு சொல் அடித்தேன்.
எதுவரைக்கும்?
வேதத்தில் யாரோ அழுதுகொண்டே கேட்டது.
கேட்டவன் நாக்கு அறுந்து விழவில்லை.
கேள்வியையும் உள்ளேயே வைத்துத்
தைத்துவிட்டார்கள் அந்தக் காலத்து ஆட்கள்.
அந்தத் தாளை ஒரே ஒருமுறை ஓட்டினேன்.

முப்பத்தொன்று நள்ளிரவு. புல்லில் உறைபனி.
கண்ணை மூடித் தட்டுக்குள் கைவிட்டார்கள்.
எனக்கு வந்தது செழிப்பு.
இரண்டு மாதச் சம்பளப் பாக்கியோடு
சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.
யார் முகமாவது சுருங்குகிறதா என்று பார்த்தேன்.
எல்லாரும் கேக் வாங்கப் போய்விட்டார்கள்.

பொங்கல் கழித்து எப்சிபா அக்கா வந்தார்.
கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள்.
மண் எடுத்துக்கொண்ட வீடு அவருடையது.
உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவன் ரூபன், ஏழாம் வகுப்பு.

பர்ஸைத் திறந்து அட்டையை மேசைமேல் வைத்தார்.
ஏரி. அன்னம். ஒற்றைச் சொல்.
மன்னிப்பு எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

"இதப் பெருசா அடிச்சுத் தர முடியுமா?
சுவத்துல மாட்டணும்."

"படத்தோடயா அக்கா?"
"படம் வேணாம்."
"கலர்?"
"கறுப்பு போதும். எட்ட நின்னாலும் தெரியணும்."

அடித்தேன்.
மை காய்கிறவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
ஜெபம் என்று யாரும் சொல்லவில்லை.
அறுபது ரூபாய் என்றேன், நாற்பதாக்கினார்.
"ஃபிரேம் போட்டுத் தரட்டா?"

"இப்ப வேணாம் தம்பி.
சபையில கட்டிக் குடுத்த சுவரு,
இன்னும் ஈரம் காயல.
ஆணி நிக்காது."